கல்லூரிப் பாதையில் கணினித் துணை

நுழையும்முன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வெற்றி பெறுவது ஒரு படி. கல்லூரி வகுப்பறையில் சென்று அமர்வது அடுத்த படி. இவ்விரு படிகளுக்கும் இடையில் விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம், கலந்தாய்வு எனப் பல பணிகள் உள்ளன. இன்று அவற்றுள் பெரும்பாலானவை இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. அந்த மின்வழி எவ்வாறு இயங்குகிறது? அது யாருக்கு எளிதாக இருக்கிறது, யாருக்குக் கடினமாக இருக்கிறது? அதனை எவ்வாறு செம்மைப்படுத்தலாம்? கல்வராயன் மலையை நடுவில் வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மலையும் மாவட்டமும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமாகத் தன் பணியைத் தொடங்கியது. இம்மாவட்டத்தின் மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவுகளாக வழங்கப்படுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேலேறும் சாலை, மலையின் முதன்மை ஊராகிய வெள்ளிமலையைச் சென்றடைகிறது. அங்கிருந்து கிளைவழிகள் சிற்றூர்களுக்குப் பிரிகின்றன.

இம்மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி வகுப்பினர். இப்பெயர் மலைவாழ் மக்களைக் குறிப்பதே தவிர, மலையாள மொழி பேசுவோரைக் குறிப்பதன்று. இவர்களின் மொழி தமிழே. சாமை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியன இங்கு விளைகின்றன. நிலத்தில் வேலையில்லாத காலங்களில் குடும்பங்கள் வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வதும் உண்டு. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை, 1976ஆம் ஆண்டில் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்ட பின்னரே அரசின் நேரடி நிர்வாகத்திற்குள் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகிய யாவும் சமவெளியைவிட இங்குக் காலம் தாழ்ந்தே வந்தன.

இன்று மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குகின்றன. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் உள்ளது. மலையின் அடிவாரத்தைக் கடந்தால் கள்ளக்குறிச்சியில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. 2022ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பள்ளியும் கல்லூரியும் ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன. எனினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியின் நீளத்தைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் அளந்துவிட முடியாது.

வரிசையிலிருந்து திரைக்கு

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பிற்கான ஒற்றைச் சாளர மாணவர் சேர்க்கை 1997ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்குமுன் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே அலைய வேண்டியிருந்த நிலையை இது மாற்றியது. ஆயினும், கலந்தாய்விற்காக மாணவரும் பெற்றோரும் தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் சென்னைக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டு முதல் இக்கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பமும் 2020ஆம் ஆண்டு முதல் ஒரே இணையதளத்தின் வழியே பெறப்படுகிறது. இணைய வசதி இல்லாதோர்க்கெனக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை உதவி மையங்களும் செயல்படுகின்றன.

பொறியியல் கலந்தாய்வில் கணினி இடங்களை ஒதுக்கும் முறையை அறிந்துகொள்வது பயன் தரும். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200 மதிப்பெண்களுக்குக் கணக்கிட்டுத் தரவரிசை உருவாக்கப்படுகிறது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் பதிவு செய்கிறார். கணினி, தரவரிசையில் முதலில் இருப்பவரின் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. காலியாக உள்ள முதல் விருப்பம் எதுவோ அதனை அவருக்கு ஒதுக்குகிறது. பின்னர் அடுத்தவரிடம் செல்கிறது. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளும் இக்கணக்கில் சேர்கின்றன.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். 'க', 'ச', 'த' என்னும் மூன்று கல்லூரிகளில் தலா ஓர் இடம் உள்ளது எனக் கொள்வோம். முதல் தரவரிசை மாணவர் க, ச என்று எழுதுகிறார். அவருக்குக் 'க' கிடைக்கிறது. இரண்டாமவரும் க, ச என்றே எழுதுகிறார். 'க' நிரம்பிவிட்டதால் அவருக்குச் 'ச' கிடைக்கிறது. மூன்றாமவர் க, ச, த என்று எழுதியிருந்தால் 'த' கிடைக்கும். அவர் க, ச என்னும் இரண்டை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் அச்சுற்றில் அவருக்கு இடமே கிடைக்காது. 'த' கல்லூரியின் இடம் வெற்றிடமாகவே நிற்கும்.

இதிலிருந்து இரு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சி உண்மையான முதல் விருப்பத்தைக் கீழே தள்ள வேண்டியதில்லை. அதனை மேலே எழுதுவதால் அடுத்த விருப்பங்களுக்கான வாய்ப்புக் குறையாது. இரண்டாவது, பட்டியலைச் சுருக்கமாக முடிப்பதே இழப்பிற்கு இடமளிக்கும். இவ்விரண்டையும் எடுத்துச்சொல்ல அண்ணனோ அக்காளோ கல்லூரிக்குச் சென்ற வீட்டில் ஒருவர் இருப்பார். குடும்பத்தின் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கோ இணையதளமே அந்த அண்ணனாகவும் அக்காளாகவும் இருந்து சொல்ல வேண்டியுள்ளது. அவ்வாறு சொல்லும் அளவிற்கு அது தெளிவாக அமைந்துள்ளதா என்பதே நாம் ஆராய வேண்டியது.

தெரிந்து தெளிவோம்

அரசுப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்கு மாதந்தோறும் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் தொடங்கப்பட்டது. இத்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கு நேரடியாகச் செலுத்தப்படுகிறது.

வழி அறுபடும் இடங்கள்

மின்வழியில் ஒரு விண்ணப்பம் முழுமை பெறுவதற்குப் பல கண்ணிகள் ஒன்றோடொன்று இணைய வேண்டும். அவற்றுள் ஒன்று அறுபட்டாலும் விண்ணப்பம் நின்றுவிடும்.

முதற்கண்ணி சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு உண்டு. அதனைப் பெறுவதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பிற வகுப்பினருக்கு வட்ட அளவிலேயே வழங்கப்படும் இச்சான்றிதழைப் பழங்குடியினர்க்கு வருவாய்க் கோட்டாட்சியர் வழங்குகிறார். உரிய விசாரணைக்குப் பின்னரே வழங்கப்படுவதால் இதற்குக் காலம் தேவைப்படுகிறது. தேர்வு முடிவு வந்த பின்னர் இதற்கு விண்ணப்பிப்பவர், சேர்க்கைக்கான இறுதி நாளைத் தவறவிடக்கூடும்.

அடுத்த கண்ணி கைப்பேசி எண். விண்ணப்பிக்கும்போது பதிவு செய்யும் எண்ணிற்கே ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது. தரவரிசை, கலந்தாய்வு நாள் ஆகிய செய்திகளும் அதற்கே வருகின்றன. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியைத் தந்தையார் வெளியூர் வேலைக்கு எடுத்துச் சென்றிருந்தால் அச்செய்தி மாணவரை எட்டாது. கணினி மையத்தில் உள்ளவர் தம்முடைய எண்ணையோ மின்னஞ்சலையோ பதிவு செய்துவிட்டால், அடுத்து வரும் அறிவிப்புகள் யாவும் அவரிடமே சென்று தங்கிவிடும்.

மூன்றாம் கண்ணி அலைவரிசை. பள்ளத்தாக்குகளிலும் காட்டோரச் சிற்றூர்களிலும் கைப்பேசிக் கோபுரத்தின் அலை சீராகக் கிட்டுவதில்லை. பல பக்கங்களைக் கொண்ட விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய நிலையில் தொடர்பு அறுந்தால், நிரப்பியது சேமிக்கப்பட்டுள்ளதா என்பது முதன்மையான வினாவாகிறது. சேமிக்கும் வசதி இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இல்லையேல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காம் கண்ணி மொழி. மாணவர் பேசுவதும் படிப்பதும் தமிழ். படிவத்தில் உள்ள சொற்களோ பலவேளைகளில் ஆங்கிலச் சுருக்கங்கள். ஒரு கட்டத்தில் எதனை நிரப்ப வேண்டும் என்பது விளங்காதபோது, அறிவுடைய மாணவரும் தமக்கே தகுதியில்லை என்று எண்ணி விலகிவிடுவதுண்டு.

இவற்றுள் எதுவும் மாணவரின் கற்கும் திறனைச் சோதிப்பதன்று. வேதியியலில் தொண்ணூறு மதிப்பெண் பெற்ற ஒருவர், கடவுச்சொல்லை மறந்த காரணத்தால் வேதியியல் பட்டப்படிப்பை இழத்தல் அவருக்கும் நாட்டிற்கும் நேரும் இழப்பாகும்.

கோடையில் கரையும் எண்ணிக்கை

இந்நிலை நம் மலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ளது. அதில் இடம் பெற்று, சேர்வதாக உறுதியளித்த மாணவர் சிலர், கோடை விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும்போது வருவதில்லை. பனிக்கட்டி வெயிலில் கரைவதைப்போல மாணவர் எண்ணிக்கை கரைவதால் இதனை அந்நாட்டுக் கல்வியாளர் 'கோடைக் கரைவு' என்று அழைக்கின்றனர். உதவித்தொகைப் படிவம், தடுப்பூசிச் சான்று, கட்டணக் கெடு போன்ற சிறு தடைகளே இதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது.

2016ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம், குறுஞ்செய்தி வாயிலாக மாணவருடன் உரையாடும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தியது. மாணவர் ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அது அறிந்திருந்தது. உதவித்தொகைப் படிவத்தை முடிக்காதவருக்கு மட்டும் அதைப் பற்றிய நினைவூட்டல் சென்றது. முடித்தவரை அது தொந்தரவு செய்யவில்லை. மாணவர் நள்ளிரவில் கேட்ட வினாவிற்கும் உடனே விடை கிடைத்தது. விடை தெரியாத வினாக்களை அது ஊழியர்களிடம் அனுப்பியது. மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு மட்டும் இவ்வசதியை அளித்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். வசதி பெற்ற குழுவில் கோடைக் கரைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

தமிழ்நாட்டில் இதே சிக்கலை எதிர்கொள்ள வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம், படிப்பையும் தொழிலையும் தேர்ந்தெடுக்க மாணவர்க்கு வழிகாட்டுகிறது. கல்லூரிகளில் திறன் பயிற்சிகளையும் அளிக்கிறது. அதன்கீழ் நடத்தப்பட்ட 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் உயர்கல்வி வாய்ப்புகளை எடுத்துரைத்தன. 2023ஆம் ஆண்டில் 'உயர்வுக்குப் படி' என்னும் முகாம்கள் மாவட்டங்களில் நடைபெற்றன. பள்ளிக் கல்வித்துறையின் மேலாண்மைத் தகவல் அமைப்பில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தும் உயர்கல்வியில் சேராதவர் யார் என்பதை அதனைக் கொண்டு அறிந்து, அவர்களை முகாமிற்கு அழைத்தனர். கல்லூரிகள், தொழிற்கல்வி நிலையங்கள், சான்றிதழ் வழங்கும் அலுவலர், கல்விக்கடன் தரும் வங்கியாளர் ஆகியோர் ஒரே இடத்தில் கூடியதால், பல அலுவலகங்களில் தேட வேண்டிய உதவி ஒரே நாளில் கிடைக்க வழி ஏற்பட்டது.

அட்லாண்டாவின் குறுஞ்செய்தியும் தமிழகத்தின் முகாமும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. வந்தவரை எண்ணுவதோடு நில்லாமல் வராதவர் யார் என்று இவ்விரண்டும் தேடின. தரவு பெயரைக் காட்டியது. பின்னர் ஒருவர் அப்பெயருக்குரியவரை அணுகினார். கைப்பேசி அலை எட்டாத சிற்றூரில் குறுஞ்செய்தியும் எட்டாது. அங்கு ஆசிரியரோ உறைவிடப் பள்ளியின் காப்பாளரோ நேரில் செல்வதே அந்தக் குறுஞ்செய்தியாகும்.

கற்றலுக்கும் துணை

கல்லூரியில் சேர்ந்த பின்னரும் தொழில்நுட்பத்தின் பணி தொடர்கிறது. 2003ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத்திட்டத்தைத் தொடங்கின. 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் நடுவண் அரசின் 'சுவயம்' தளம் தொடங்கப்பட்டது. காணொலி விரிவுரை, படிக்கும் பாடப்பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல் என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது சுவயம். பட்டப்படிப்பிற்குரிய பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை இத்தளத்தில் பயின்று, உரிய தேர்வெழுதி, அம்மதிப்பைத் தம் கல்லூரிப் படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன.

இணையம் எட்டாத இல்லங்களை எண்ணி அதே நாளில் தொடங்கப்பட்டது 'சுவயம் பிரபா'. இது செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்புகிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரப் புதிய பாடங்கள், மேலும் ஐந்து முறை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகின்றன. பகலில் வயலில் வேலை செய்பவர் இரவிலும், இரவில் இயலாதவர் விடியலிலும் காணலாம் என்பதே இம்முறையின் நோக்கம். 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்நூலகத்தில் தமிழ் நூல்களை எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு வைத்துள்ளது.

இவ்வாறு பாடங்கள் நிறைந்திருப்பினும், சேர்ந்தவர் எல்லாரும் முடிப்பதில்லை. கற்பதற்குப் பாடப்பொருள் மட்டும் போதாது. காலத்தைப் பகுத்துக்கொள்ளும் பழக்கம், ஐயம் கேட்கும் துணிவு, உடன் பயில்வோர் ஆகியவையும் வேண்டும். எனவே, மாணவர் பின்தங்குவதை முன்னரே அறிந்து எச்சரிக்கும் அமைப்புகள் உருவாயின.

எண்ணைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டு அத்தகைய அமைப்பு ஒன்று பயன்பாட்டிற்கு வந்தது. தேர்வு மதிப்பெண், இணையப் பாடத்தில் செலவிட்ட முயற்சி முதலியவற்றைக் கணக்கிட்டு, சாலைச் சந்திப்பு விளக்கினைப் போலச் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களில் மாணவரின் நிலையை அது காட்டியது. இவ்வமைப்பைப் பயன்படுத்திய பாடங்களை மிகுதியாக எடுத்தவர்கள் கல்லூரியில் நீடித்தனர் என்று கூறப்பட்டது.

2013ஆம் ஆண்டில் கல்வியாளர் சிலர் ஒரு வினாவை எழுப்பினர். அத்தகைய பாடங்களை எடுத்ததால் மாணவர் நீடித்தனரா? அன்றி, கல்லூரியில் நீடித்ததால் அத்தகைய பாடங்களை மிகுதியாக எடுக்க முடிந்ததா? முதல் பருவத்திலேயே விலகியவர் இரண்டாம் பாடத்தை எடுத்திருக்க இயலாது அன்றோ? காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக் காணும் பிழையை இவ்வினா வெளிப்படுத்தியது. ஒரு செயலி பயன் தருகிறது என்று எவரேனும் எண்களைக் காட்டும்போது, யாருடன் யார் ஒப்பிடப்பட்டனர் என்று கேட்பது அறிவுடையார் செயல். முன்னர்க் கண்ட அட்லாண்டா ஆய்வு நம்பத்தக்கதாக அமைந்தது, ஒத்த நிலையிலுள்ள இரு குழுக்களை அது ஒப்பிட்டதனால் ஆகும்.

கணக்கீடு நீதி தவறவும் கூடும். பெருந்தொற்றுக் காலமாகிய 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வு நடைபெறவில்லை. ஆசிரியர் மதிப்பீட்டோடு, அப்பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியையும் சேர்த்துக் கணினி தரத்தைக் கணித்தது. ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டு மதிப்பீடுகள் ஆசிரியர் அளித்ததைவிடக் குறைந்தன. முன்னர்ச் சிறந்த தேர்ச்சி காட்டாத பள்ளியில் பயின்ற திறமையான மாணவர், தமக்கு முன் பயின்றவர்களின் மதிப்பெண்ணால் கீழே இழுக்கப்பட்டார். மாணவர்கள் வீதியில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தபின், சில நாள்களிலேயே அம்முறை கைவிடப்பட்டது.

கல்வராயன் மலை போன்ற இடங்களுக்கு இது முதன்மையான பாடம். ஓர் ஊரிலிருந்து இதுவரை எவரும் பொறியாளர் ஆகவில்லை என்பது கடந்த காலத்தைப் பற்றிய செய்தி. அவ்வூரின் இன்றைய மாணவி பொறியாளர் ஆக இயலாது என்பதற்கு அது சான்றாகாது. பழைய தரவை மட்டும் கற்ற கணினிக்கு இவ்வேறுபாடு தெரியாது. மாணவியை அறிந்த ஆசிரியருக்குத் தெரியும்.

செம்மைப்படுத்தும் வழிகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து, மாணவர்க்குத் துணைபுரியும் தொழில்நுட்ப அமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைத் தொகுத்துரைக்கலாம்.

அலை அறுந்தாலும் அறுபடாமை: நிரப்பிய ஒவ்வொரு பக்கமும் தானாகச் சேமிக்கப்பட வேண்டும். பாடங்களைப் பள்ளியிலோ நூலகத்திலோ தரவிறக்கிக்கொண்டு, இணையம் இல்லாத வீட்டில் காண இயல வேண்டும். எளிய கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி செல்ல வேண்டும்.

தமிழில் தெளிவு: படிவத்தின் ஒவ்வொரு வினாவிற்கும் அருகில், அது எதனைக் கேட்கிறது, எந்தச் சான்றினைப் பார்த்து நிரப்ப வேண்டும் என்னும் விளக்கம் எளிய தமிழில் இடம்பெற வேண்டும். படிக்க இயலாத பெற்றோர் கேட்டறியுமாறு ஒலிவடிவமும் இருந்தால் நன்று.

ஒருமுறை கேட்டல்: அரசிடம் உள்ள ஒரு சான்றினை மாணவர் மீண்டும் மீண்டும் படியெடுத்துத் தரவேண்டிய நிலை குறைய வேண்டும். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் என்னும் மின்காப்பகம் இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் சாதிச் சான்றிதழ் பெறாதவர் யார் என்று பள்ளிப் பதிவே காட்டுமாயின், இறுதி நேரப் பதற்றம் தவிர்க்கப்படும்.

இயந்திரத்தின் பின்னே மனிதர்: எச்சரிக்கை தோன்றியதும் யார், எத்தனை நாளுக்குள் மாணவரைச் சந்திக்க வேண்டும் என்பது வரையறுக்கப்பட வேண்டும். பொறுப்பேற்பவர் இல்லாத எச்சரிக்கை, கேட்பாரற்ற மணியோசையாகிவிடும்.

தனியுரிமை காத்தல்: மாணவரின் சாதி, வருமானம், மதிப்பெண், குடும்பச் சூழல் ஆகியவை அவருக்குரிய செய்திகள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோர் இசைவினை வேண்டுகிறது. கேட்கப்படும் ஒவ்வொரு செய்தியும் எதற்குப் பயன்படும் என்பதை அறிந்துகொள்ள மாணவருக்கு உரிமை உண்டு.

திருத்தும் வழி: கணினி தவறிழைத்தால் யாரிடம் முறையிடுவது, எந்நாளுக்குள் விடை கிடைக்கும் என்பது திரையிலேயே காணப்பட வேண்டும்.

இவை மலைவாழ் மாணவருக்கு மட்டும் பயன்படுவன அல்ல. மாடிப்படிக்கு அருகில் அமைக்கப்படும் சாய்தளம், சக்கர நாற்காலியில் வருபவருக்கென அமைக்கப்படினும், முதியோருக்கும் குழந்தையை ஏந்தி வருவோருக்கும் சுமை தூக்குவோருக்கும் உதவுகிறது. அவ்வாறே வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர் மாணவி இடையூறின்றிப் பயன்படுத்தும் இணையதளம், சென்னை மாணவருக்கும் எளிதாகவே இருக்கும். நகரத்து மாணவரை மட்டும் மனத்திற்கொண்டு செய்யப்பட்ட இணையதளம் மலைக்கு உதவும் என்று அவ்வாறு உறுதி கூற இயலாது.

நிறைவாக

ஒரு கல்வித் தொழில்நுட்பம் வெற்றி பெற்றதா என்பதை அளக்கப் பல அளவுகோல்கள் உள்ளன. எத்தனை பேர் பதிவு செய்தனர், எத்தனை செயலிகள் உருவாயின, எத்தனை காணொலிகள் ஏற்றப்பட்டன என்பன எளிதில் எண்ணத்தக்கவை. பதிவைத் தொடங்கிப் பாதியில் நின்றவர் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேரை மீண்டும் அணுகினோம், அவர்களுள் எத்தனை பேர் ஜூலை மாதத்தில் வகுப்பறையில் அமர்ந்தனர் என்பன எண்ணுவதற்குக் கடினமானவை. மாணவரின் வாழ்வோ இக்கடின எண்களில்தான் அடங்கியுள்ளது.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவருக்கு இன்னும் ஓராண்டிற்கு மேல் காலம் உள்ளது. சான்றிதழ்களைச் சரிபார்க்கவும், தமக்கென ஒரு கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் உறுதி செய்யவும், விரும்பும் படிப்புகளைப் பட்டியலிடவும் இக்காலம் போதுமானது. அமைப்பைச் செம்மைப்படுத்துவது அரசின் கடமை. அதன் குறையைச் சுட்டிக்காட்டுவது பயன்படுத்துவோரின் உரிமை. இன்று இவ்வழியில் நடந்து செல்லும் மலைநாட்டு மாணவர், நாளை அவ்வழியை வடிவமைக்கும் கணினி வல்லுநராகவும் விளங்கலாம். எந்த வளைவில் அலை அறுபடும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

கற்பவை கற்றபின்...

1. உயர்கல்வியில் சேர்வதற்குத் தேவையான சான்றிதழ்களைப் பட்டியலிட்டு, உங்களிடம் உள்ளவை, இனிப் பெற வேண்டியவை என இரு பிரிவாக எழுதுக. பெற வேண்டிய ஒவ்வொன்றையும் வழங்கும் அலுவலகத்தின் பெயரையும் குறிப்பிடுக.

2. உங்கள் ஊரில் கடந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மூவரைச் சந்தித்து, கல்லூரியில் சேரும் முயற்சியில் அவர்கள் எதிர்கொண்ட தடைகளைக் கேட்டறிந்து, அவர்களின் பெயர் குறிப்பிடாமல் வகுப்பில் உரையாற்றுக.

3. நீங்கள் பயன்படுத்திய இணையதளப் படிவம் ஒன்றில் விளங்காத ஐந்து சொற்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றிற்கும் எளிய தமிழில் விளக்கம் எழுதுக.

4. 'மாணவரின் எதிர்காலத்தைக் கணினி கணிக்கலாமா?' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.